குளத்துக்கு மேலே உள்ள நிலம்

இடம்பெயர்ந்த குடும்பமொன்றுக்குக் காணி கிடைக்கும்போது நாம் கேட்பது இரண்டு கேள்விகள். எத்தனை ஏக்கர்? கிணறு வெட்டினால் தண்ணீர் வருமா? மூன்றாவது கேள்வியொன்றும் உண்டு. மாரியில் மேலேயிருந்து எவ்வளவு வெள்ளம், எவ்வளவு விரைவாக அக்காணிக்கு வரும்?

யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வன்னிக்கு வந்த கமக்காரருக்கு இக்கேள்வி புதியது. குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். மழைநீரிற் பெரும்பகுதி கீழே இறங்கிவிடும். வன்னியின் பெரும்பகுதியில் அடியில் இருப்பது கடும்பாறை. பெருமழை பெய்தால் நீர் நிலத்தின் மேலாகவே ஓடும்.

ஒரு குளத்துக்கு மழைநீரைக் கொண்டுவரும் நிலம் முழுவதும் அதன் நீரேந்து பிரதேசம். அதன் வடிவத்தை அளக்க அமெரிக்க நீரியலாளர் ஹோர்ட்டன் 1932இல் எளிய கணக்கொன்றைத் தந்தார். பரப்பை நீளத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். இரு குளங்களுக்கும் தலா 8 சதுர கி.மீ. நீரேந்து பிரதேசம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் நீளம் 4 கி.மீ.; விடை 0.5. மற்றையதன் நீளம் 8 கி.மீ.; விடை 0.125. முதலாவது அகன்றது. ஓடைகளெல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் குளத்தை அடைய, வெள்ளம் சடுதியாக உயரும், குளக்கட்டுக்கு ஆபத்து. இரண்டாவது ஒடுங்கியது. வெள்ளம் மெதுவாக, நெடுநேரம் வந்துகொண்டிருக்கும்.

ஓடைகளின் மொத்த நீளத்தைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது வடிகால் அடர்த்தி. அது கூடக்கூட நீர் விரைந்து வடியும்.

இவற்றை அளக்க இன்று காடு முழுவதும் சங்கிலி இழுக்க வேண்டியதில்லை. 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் பறந்து, உலகின் பெரும்பகுதி நிலத்தின் உயரத்தை றேடாரினால் அளந்தது. ஏறக்குறைய 30 மீற்றருக்கு ஓர் உயரம் என்ற அவ்வளவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் நீர் எப்பக்கம் இறங்கும் என்று கணித்து, ஓடைகளையும் நீரேந்து எல்லையையும் கணினி வரைகிறது. குளத்துக்கு மேலே காடு வெட்டப்பட்டிருப்பதைச் செய்மதிப் படங்கள் காட்டும். காடு போனால் வெள்ளம் முந்தி வரும். மண்ணும் சேர்ந்து வந்து குளத்தைத் தூர்க்கும்.

ஆனால், 30 மீற்றர்ச் சதுரம் ஒன்றுக்குள் கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த வளவொன்று அடங்கிவிடும். அடர்காட்டில் றேடார் நிலத்தை விட்டு மரங்களின் மேற்பகுதியை அளந்துவிடுவதும் உண்டு. மட்டமான நிலத்தில் ஒரு மீற்றர் பிழையே ஓடையைத் திசைமாற்றப் போதும். உடைந்த கட்டும் அடைபட்ட மதகும் வண்டிப்பாதையாக மாறிய ஓடையும் அப்படத்தில் தெரியா. அவற்றை அறிந்தவர்கள் அவ்வூர் மூத்தவர்களே.

2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேறினர். போரினால் ஒருமுறை பெயர்ந்தவர்கள் வெள்ளத்தினால் மறுமுறை பெயரலாமா?

எனவே, எல்லைக்கல் நாட்டுமுன் பிரதேச செயலகத்திலும் கமநல சேவை நிலையத்திலும் நீரேந்து வரைபடத்தைக் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு மூத்தவர்களோடு நிலத்தைச் சுற்றி நடவுங்கள். ஓடையையும் தூர்ந்த குளத்தையும் வீட்டுக்காணியாக ஏற்காதீர்கள். குளத்துக்கு மேலுள்ள மரங்களை வெட்ட விடாதீர்கள். வெள்ளத்தின் பாதையை அதற்கே விட்டுவிட்டு, மேட்டில் வீட்டைக் கட்டுவோம்.