தவலைக்குள் விளையும் பாறை

வெந்நீர்த் தவலையின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தால், வெண்மையான ஒரு சொரசொரப்பு விரலில் தட்டுப்படும். நாரும் சாம்பலும் அதனிடம் தோற்றுப்போகும். "உப்புப் படிந்திருக்கிறது" என்று வீட்டிலுள்ளோர் சொல்லுவார்கள். அது சோற்றில் இடும் உப்பன்று. அந்த உப்பு நீர் பட்டால் கரையும். இதுவோ நீரிலிருந்தே பிறந்தும் நீரில் கரைய மறுக்கிறது. உண்மையில் இதில் பெரும்பகுதி சுண்ணாம்புக் கல்லே. மலையிலும் மண்ணிலும் இருக்கவேண்டிய கல் தவலைக்குள் எவ்வாறு வந்தது?

மழை நீர் ஆகாயத்திலுள்ள கரியமிலவாயுவைச் சிறிது கரைத்துக்கொண்டு இறங்குகிறது. மண்ணுக்குள் புகுந்ததும், வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் அதே வாயு இன்னும் மிகுதியாக அதில் சேருகிறது. இவ்வாறு இலேசான புளிப்புத் தன்மை பெற்ற நீர், சுண்ணாம்புப் பாறையையும் சுக்கான்கல்லையும் மெல்ல மெல்ல அரிக்கிறது. கல்லானது கால்சியம் பைகார்பனேட் என்னும் கரையும் பொருளாக மாறி, கண்ணுக்குப் புலனாகாமல் கிணற்றை வந்து அடைகிறது. ஆகையால்தான் பளிங்குபோல் தெளிந்த நீரும் கடின நீராக இருக்கக்கூடும். படிகாரம் கலங்கலைத் தெளியவைக்கும். கரைந்த சுண்ணாம்பை நீக்க அதனால் ஆகாது.

அடுப்பில் ஏற்றியதும் இம்மாறுதல் திரும்பி நடக்கிறது. சூட்டினால் வாயு வெளியேற, அதன் துணையால் கரைந்திருந்த கல் மறுபடியும் கல்லாகப் படிகிறது. இதை மாணவர்களுக்கு ஒரே சோதனைக் குழாயில் காட்டிவிடலாம். தெளிந்த சுண்ணாம்பு நீரில் கரியமிலவாயுவைச் செலுத்தினால் பால்போல் வெளுக்கும். மேலும் செலுத்திக்கொண்டே இருந்தால் தெளிந்துவிடும். அத்தெளிவைக் கொதிக்கவைத்தால் மீண்டும் வெளுக்கும். பாறை, கிணறு, தவலை ஆகிய மூன்றின் சரித்திரமும் அவ்வளவே.

இதனால் குடும்பத்துக்கு நேரும் நஷ்டம் சிறிதன்று. செம்பு இப்படிவைவிட நூறு மடங்குக்கு மேலாக வெப்பத்தைக் கடத்த வல்லது. படிவு தடிக்கத் தடிக்க, எரிவாயுவும் மின்சாரமும் வீணாகின்றன. சோப்போ நுரைப்பதற்கு முன் சுண்ணாம்போடு சேர்ந்து அழுக்குத் திரளாகிவிடுகிறது. துவரம்பருப்பு வேக மறுப்பதற்கும் பல இடங்களில் இந்நீரே காரணம். ஆலைகளின் நீராவிக் கொதிகலனில் படிந்தாலோ, உலோகம் அளவு மீறிச் சூடேறி வலுவிழக்கும், வெடிக்கவும் கூடும்.

ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரத்து ரசாயனப் பேராசிரியர் தாமஸ் கிளார்க் என்பவர், இதற்கு ஒரு விந்தையான உபாயம் கண்டு 1841-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். சுண்ணாம்பு மிகுந்த நீரில் அளவறிந்து நீற்றிய சுண்ணாம்பையே சேர்ப்பதுதான் அது! புதிய சுண்ணாம்பு பைகார்பனேட்டோடு கூடி, இரண்டும் ஒருங்கே வெண்படிவாகி அடியில் தங்குகின்றன. அளவு மிஞ்சினால் குணம் கெடும். ஆகவே இது நீரேற்று நிலையங்களுக்கு உரிய முறை, வீட்டுக்கு உரியதன்று.

வீட்டில் கொதிக்கவைத்து வடித்தால் பைகார்பனேட்டின் கடினம் பெரிதும் நீங்கும். ஜிப்ஸத்தினால் வந்த கடினம் அவ்விதம் நீங்காது. துணி துவைக்கும் நீரானால் சலவைச் சோடா சிறிது போதும். பாத்திரத்தில் படிந்ததற்கு எலுமிச்சம்பழச் சாறோ, நீர் கலந்த காடியோ ஊற்றி இளஞ்சூட்டில் ஊறவைக்க வேண்டும். பொங்கும் குமிழிகள், கல்லுக்குள் அடைபட்டிருந்த கரியமிலவாயுவே. செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் புளிப்பை நெடுநேரம் விடாமல் நன்கு அலம்புதல் அவசியம்.

ஓர் எச்சரிக்கை. குளியலறைக் கறைக்குக் கடை அமிலத்தை வாங்குவோர், அதைப் பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் கலக்கலாகாது. அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும், உயிருக்கே ஆபத்தாகும்.

இன்னும் ஓர் அச்சத்தையும் அகற்றவேண்டும். தவலையில் கல் படிவதைக் கண்டு, குடிப்பவர் வயிற்றிலும் அப்படியே படியும் என்று அஞ்சுவோர் பலர். தவலையில் படிவது கால்சியம் கார்பனேட்; சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட். இரண்டும் உண்டாகும் விதமே வேறு. குடிநீரில் சாதாரணமாகக் காணும் அளவுக் கடினம் உடல்நலத்துக்குக் கேடன்று என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. 2012-ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி, கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்புடையது என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 600 வரை பொறுக்கலாம் என்றும் வகுத்திருக்கிறது. கிணற்று நீருக்குப் பயந்து குடிப்பதைக் குறைப்பவரோ, எந்தக் கல்லுக்கு அஞ்சினாரோ அந்தக் கல்லுக்கே இடங்கொடுக்கிறார். சிறுநீர் சுண்டினால்தான் அது எளிதில் விளையும். ஆகையால், தவலையைப் புளிப்பினால் துலக்குங்கள். தாகத்துக்கு மட்டும் தாராளமாகவே அருந்துங்கள்.