மண்ணுக்குள் கசியும் குழாய்: வீட்டு இணைப்பைப் பழுது பார்த்தலும் மாற்றுதலும்

தெருவிலுள்ள பிரதானக் குழாயிலிருந்து ஒரு வீட்டிற்குத் தண்ணீரைக் கொண்டுவரும் சிறு குழாயை வீட்டு இணைப்புக் குழாய் என்பர். இதன் விட்டம் பெரும்பாலும் அரை அங்குலம், அதாவது 15 மி.மீ. மட்டுமே. பிரதானக் குழாயில் பொருத்தப்பட்ட ஃபெரூல் என்னும் பித்தளைத் திருகில் இது தொடங்கி, மண்ணுக்கடியில் சென்று, அடைப்பு வால்வையும் மீட்டரையும் கடந்து வீட்டிற்குள் நுழைகிறது. நீர் வழங்கும் அமைப்பில் மிகச் சிறிய உறுப்பாயினும், கண்ணுக்குப் படாமல் புதைந்து கிடப்பதால் மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவதும் இதுவே.

இக்குழாயில் கசிவு ஏற்பட்டால் தண்ணீர் வீணாகும் என்பதை யாவரும் அறிவர். ஆனால் கசிவு என்பது ஒருவழிப் பாதையன்று. தண்ணீர் வெளியேறும் அதே துவாரத்தின் வழியே வெளியிலுள்ள அழுக்கு நீர் உள்ளே புகவும் கூடும். ஆதலின் குழாயைப் பழுது பார்ப்பது சிக்கனத்தைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. வீட்டாரின் உடல்நலத்தைப் பற்றியதும் ஆகும்.

கசிவின் இருவழி இயல்பு

குழாயினுள் அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் துவாரத்தின் வழியே வெளியேறுகிறது. பத்து மீட்டர் உயரமுள்ள நீர்நிரலுக்கு ஈடான அழுத்தத்தில், 3 மி.மீ. விட்டமுள்ள ஒரு துவாரத்தின் வழியே மணிக்கு ஏறத்தாழ 210 லிட்டர் தண்ணீர் வெளியேறும் என்பது கணக்கினால் விளங்கும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே தண்ணீர் விடப்பட்டாலும், 400 லிட்டருக்கு மேல் மண்ணில் கலந்துவிடும். 2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கத்தில் கிராமப்புறத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அளவு. இவ்வளவின்படி, அச்சிறு துவாரம் ஏறத்தாழ எட்டுப் பேருடைய பங்கை விழுங்கிவிடுகிறது.

தண்ணீர் நிறுத்தப்பட்டதும் நிலைமை தலைகீழாகிறது. தாழ்வான பகுதியிலுள்ள வீடுகள் மீதித் தண்ணீரை வடித்துக்கொள்ள, மேடான பகுதியிலுள்ள குழாய்களில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தினும் தாழ்ந்துவிடுகிறது. இணைப்புக் குழாயிலேயே நேரடியாக மின்சாரப் பம்பைப் பொருத்தி உறிஞ்சும் வழக்கம் இக்குறையை இன்னும் பெருக்குகிறது. அப்போது துவாரத்தைச் சூழ்ந்த ஈரமண்ணிலுள்ள நீர் குழாயினுள் இழுக்கப்படுகிறது. குழாய் சாக்கடையை ஒட்டியோ அதனூடேயோ சென்றால், உள்ளே புகுவது சாக்கடை நீரே. மறுநாள் தண்ணீர் விடப்படும்போது குடத்தில் முதலில் விழுவது அதுவாகவே இருக்கும்.

இதற்குக் கர்நாடக மாநிலத்தின் ஹூப்ளி-தார்வாட் நகரம் நல்ல சான்று. அங்குச் சில வட்டாரங்களுக்கு இடைவிடாமலும், ஏனைய வட்டாரங்களுக்கு விட்டுவிட்டும் தண்ணீர் வழங்கப்பட்டது. இரு திறத்தாரின் குழாய் நீரையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2013-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மலக் கலப்பைக் காட்டும் நுண்ணுயிர்கள், விட்டுவிட்டு வழங்கப்பட்ட குழாய்களிலேயே மிகுதியாகக் காணப்பட்டன.

இத்தகைய கலப்பினால் காலரா, டைபாய்டு, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை ஆகிய நோய்கள் பரவுகின்றன. சாக்கடை நீர் குடிநீரில் கலந்தால் நேரக்கூடிய கேட்டின் அளவை 1955-56-ஆம் ஆண்டில் டில்லி மாநகரம் கண்டது. யமுனையின் போக்கு மாறியதால் நஜஃப்கர் வடிகாலின் கழிவுநீர் வஜீராபாத்தில் நீர் எடுக்கும் இடத்தை எட்டியது. ஏறத்தாழ 29,300 பேர் மஞ்சள் காமாலைக்கு உள்ளாயினர். ஹெபடைடிஸ்-இ என்னும் வைரஸே அதற்குக் காரணம் என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. அங்குக் கலப்பு நேர்ந்தது நீர் எடுக்கும் இடத்தில். பழுதான இணைப்புக் குழாயிலோ, அதே கலப்பு ஒரு வீட்டளவில், எவருடைய கவனத்திற்கும் வராமல் நிகழ்கிறது.

குழாய் பழுதடையும் காரணங்கள்

பழைய இணைப்புகளில் பெரும்பாலானவை துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களால் ஆனவை. துத்தநாகம் தான் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கிறது. ஆனால் இணைப்பதற்காக மரை வெட்டும்போது அப்பூச்சு நீங்கிவிடுவதால், துரு முதலில் தோன்றுமிடம் மரையே. உவர் மண்ணும், சாக்கடையின் ஈரமும் அரிப்பைத் துரிதப்படுத்துகின்றன. கரிசல் மண் மழையில் உப்பியும் கோடையில் சுருங்கியும் குழாயை அசைப்பதால் மூட்டுகள் தளர்கின்றன. ஆழமின்றிப் புதைக்கப்பட்ட குழாய்கள் வண்டிச் சக்கரங்களின் பாரத்தால் நெளிகின்றன.

துரு வெளிப்புறத்தை மட்டும் தாக்குவதில்லை. உட்புறத்திலும் கட்டிகளாகப் படிந்து வழியைக் குறுக்குகிறது. உள்விட்டம் பாதியாகக் குறைந்தால், அதே அழுத்தத்தில் தண்ணீரின் ஓட்டம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும்.

கசிவைக் கண்டறிதல்

முதலில் வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தண்ணீர் வரும் நேரத்தில் மீட்டரை நோக்க வேண்டும். முள் நகருமாயின் கசிவு மீட்டருக்கும் வீட்டிற்கும் இடையில் உள்ளது. முள் அசையாமலிருந்தும் வரத்துக் குறைந்திருப்பின், மீட்டருக்கு முற்பட்ட பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். இரவின் அமைதியில் ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையை அடைப்பு வால்வின் மீது வைத்து, மறுமுனையைக் காதருகே கொண்டுசென்றால் கசிவின் சீறல் கேட்கும். கோடையிலும் காயாத ஈரத்திட்டு, ஓரிடத்தில் மட்டும் செழித்த புல், தொடக்கத்தில் வரும் கலங்கல் நீர், துர்நாற்றம் ஆகியவை பிற அறிகுறிகள்.

கள ஊழியர்களுக்குக் குளோரின் பரிசோதனை பெரிதும் துணை செய்யும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரவிதியின்படி, எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருத்தல் வேண்டும். வைரஸ் நோய்களினின்று காப்புத் தேவைப்படும்போது குறைந்தது 0.5 மில்லிகிராம். அண்டை வீடுகளில் குளோரின் இருந்து, ஒரு வீட்டில் மட்டும் இல்லையெனில் அவ்வீட்டின் இணைப்பைச் சோதிக்க வேண்டும். தெரு முழுவதும் இல்லையெனில் குறை பிரதானக் குழாயிலோ அதற்கு அப்பாலோ இருக்கக்கூடும். அதனை உடனே மேலதிகாரிக்குத் தெரிவிப்பது கடமை.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

குழாய் பொதுவாக நல்ல நிலையிலிருந்து, ஒரு மூட்டில் மட்டும் கசிவு காணின் பழுது பார்த்தல் போதும். வால்வை மூடி, கசியும் இடத்திற்கு அடியிலும் சுற்றிலும் மண்ணை அகற்றிப் பள்ளத்திலுள்ள நீரை முற்றும் இறைத்துவிட வேண்டும். இன்றேல் வெட்டிய வாயின் வழியே அந்நீரே குழாயினுள் புகும். பழுதான துண்டை அறுத்தெடுத்து, புதிய துண்டைச் சாக்கெட், யூனியன் ஆகியவற்றால் பொருத்தலாம். மரைகளில் டெஃப்லான் நாடாவைச் சுற்றுதல் நன்று. முற்காலத்தில் வழங்கிய வெள்ளை ஈயச் சாயம் நச்சுத்தன்மை உடையதாதலின் குடிநீர்க் குழாயில் அதனை உபயோகிக்கலாகாது. சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டுவது சில மணி நேரத்திற்கு உதவலாமேயன்றி, பழுது பார்த்தலாகாது.

ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கசிவு, துருவினால் சுருங்கிய உள்வழி, சாக்கடையினூடே செல்லும் பாதை ஆகிய மூன்றில் எது காணப்பட்டாலும் முழுக் குழாயையும் மாற்றுவதே அறிவுடைமை. ஓரிடத்தை அடைத்தால், அழுத்தம் மிகுந்து அடுத்த நலிந்த இடம் திறந்துகொள்ளும்.

புதிய குழாய் பதித்தல்

மண்ணுக்கடியில் பதிக்கப் பாலிஎத்திலீன் குழாய் ஏற்றது. இது துருப்பிடிப்பதில்லை. சுருளாகக் கிடைப்பதால், ஃபெரூலிலிருந்து மீட்டர்வரை நடுவில் மூட்டே இல்லாமல் ஒரே நீளமாகப் பதிக்கலாம். மூட்டு குறையக் குறையக் கசிவும் குறையும். வெயிலிலும் வெளிப்புறத்திலும் நிற்கும் பகுதிக்கு இரும்புக் குழாயே உகந்தது. எக்குழாயாயினும் தரமுத்திரை பெற்றதாக இருத்தல் வேண்டும். ஃபெரூலைத் திறப்பதும் சாலையை வெட்டுவதும் நகராட்சி அல்லது குடிநீர் வாரியத்தின் அனுமதியுடன், உரிமம் பெற்ற பணியாளரால் மட்டுமே செய்யத்தக்கவை.

பாதையைத் தேர்ந்தெடுப்பதே முக்கியமான தீர்மானம். பிரதானக் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் இடையே பக்கவாட்டில் 3 மீட்டர் இடைவெளி வேண்டும் என்றும், அது இயலாவிடில் குடிநீர்க் குழாயின் அடிப்பாகம் கழிவுநீர்க் குழாயின் மேற்பாகத்திற்குக் குறைந்தது அரை மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்றும் மத்திய அரசின் நீர் வழங்கல் கையேடு கூறுகிறது. குறுகிய சந்துகளில் வீட்டு இணைப்பிற்கு இவ்வளவு இடைவெளி கிடைப்பது அரிது. ஆயினும் இதன் கருத்து எங்கும் பொருந்தும்: குடிநீர் மேலே, கழிவுநீர் கீழே, இரண்டும் விலகியே இருத்தல் வேண்டும். சாக்கடையைக் கடந்தே தீரவேண்டுமாயின், அதற்கு மேலாக, மூட்டில்லாத துண்டினால், பெரிய உறைக்குழாயினுள் செலுத்திக் கடத்த வேண்டும்.

பள்ளத்தின் அடியில் மணல் பரப்பி, கல் படாமல் குழாயை இடுதல் நலம். மண்ணை மூடுமுன் தண்ணீர் விடும் நேரம்வரை காத்திருந்து, அழுத்தத்தில் ஒவ்வொரு மூட்டையும் கண்ணால் பார்க்க வேண்டும். பழைய குழாயைப் பிரதானக் குழாயிலேயே துண்டித்து அடைத்துவிடுவது இன்றியமையாதது. தேங்கிய நீருடன் அதனை விட்டுவைத்தால் அதுவே அசுத்தத்தின் வாயிலாகும்.

கிருமிநீக்கம்

வேலை முடிந்ததும் குழாயை நன்கு அலசவேண்டும். பின்னர் 10 லிட்டர் தண்ணீரில், 25 சதவீதம் குளோரின் உள்ள புதிய பிளீச்சிங் பவுடர் 2 கிராம் கரைத்தால், லிட்டருக்கு 50 மில்லிகிராம் வலிமையுள்ள கரைசல் கிடைக்கும். இருபது மீட்டர் நீளமுள்ள 15 மி.மீ. குழாயின் கொள்ளளவு மூன்றரை லிட்டரளவே ஆதலின் இது தாராளமாகப் போதும். தெளிந்த கரைசலை மட்டும் வீட்டுப் பக்கமுள்ள குழாயில் நிரப்பி, பிரதானக் குழாய்க்குச் செல்லாதபடி வால்வை மூடி, ஓரிரவு வைத்திருந்து வடித்துவிடவேண்டும். குளோரின் நெடி நீங்கும்வரை புதுநீரால் அலசியபின்னரே அத்தண்ணீரைக் குடிக்கலாம். பழுது நீங்கும்வரை தண்ணீரைக் கொதிக்க வைத்தே பருக வேண்டும்.

பள்ளியில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இவ்வுண்மையை எளிதில் விளக்கலாம். ஊசியால் துளையிட்ட ரப்பர்க் குழலின் நடுப்பகுதியைச் சிவப்புச் சாயநீர் உள்ள தட்டில் அமிழ்த்தி, ஒரு முனையை மேசைமேல் உயர்த்தி வைத்த நீர்ப்பாத்திரத்துடன் இணைத்து, மறுமுனையைத் தட்டிற்குக் கீழே தொங்கவிட வேண்டும். தொங்கும் முனையை விரலால் மூடினால் நல்ல நீர் துளை வழியே வெளியேறும். பின்னர் மேல்முனையை இறுக நசுக்கிவிட்டு விரலை எடுத்தால், குழலிலுள்ள நீர் கீழே வடியும்போது சாயநீர் உள்ளிழுக்கப்பட்டுச் சிவந்து வெளிவரும்.

இதனைக் கண்ட மாணவர்களிடம், தத்தம் வீட்டுக் குழாய் எவ்வழியாக வருகிறது, அது சாக்கடையைக் கடக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லலாம். அவர்கள் கொண்டுவரும் குறிப்புகள் ஒரு தெருவின் நலிந்த இணைப்புகள் அனைத்தையும் காட்டிவிடும். அப்பட்டியல் மழைக்காலத்திற்கு முன்னரே கள ஊழியரின் கையை அடையுமாயின், நோய் தோன்றுமுன் குழாய்களை மாற்றிவிடலாம்.