எடை ஒன்று, இயல்பு வேறு

குண்டு வேறு, தோட்டா வேறு. பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகவே கூறுகிறோம். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீ மூட்டும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் பொருத்திய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. சுட்டபின் எஞ்சும் கூட்டில் மீண்டும் மருந்தும் குண்டும் இட்டுப் பயன்படுத்தும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. எந்தக் குண்டுக்கு எவ்வளவு மருந்து என்று கூறும் அட்டவணைகளும் அச்சில் உள்ளன. அவற்றில் குண்டின் எடை ‘கிரெயின்’ என்னும் அளவால் குறிக்கப்பெறும். தானிய மணியின் பெயரால் அமைந்த இவ்வளவு நம் பொற்கொல்லரின் குன்றிமணி போன்றது. ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம்.

இரு குண்டுகளின் விட்டமும் எடையும் ஒன்றாயின், ஒன்றுக்குக் கூறிய மருந்தளவு மற்றதற்கும் பொருந்தாதோ எனின், பொருந்தும் என்று கொள்ளலாகாது. அதற்குக் காரணம் மூன்று.

முதலாவது நீளம். புக்கிட் மெர்தாஜாம் கடைத்தெருவில் ஒரு கிலோ அரிசியும் ஒரு கிலோ பொரியும் வாங்குவோர், எடை ஒன்றாயினும் பை ஒன்றாகாது என்பதை அறிவர். ஈயம் தண்ணீரைப் போல் 11.3 மடங்கு கனமுடையது, செம்பு 8.9 மடங்கே. ஆதலின் ஒரே விட்டமும் எடையும் உடைய செப்புக் குண்டு, ஈயக் குண்டைவிடக் கால் பங்குக்கு மேல் நீளும். தோட்டாவின் மொத்த நீளமோ துப்பாக்கியின் அமைப்புக்கு அடங்கியது. எனவே நீண்ட குண்டு கூட்டினுள் ஆழ அமிழும். மருந்துக்குரிய இடம் சுருங்கும். அதே மருந்து எரியும்போது அழுத்தம் மிகும்.

இரண்டாவது உராய்வு. குழலின் உட்புறத்தில் சுருளாகச் செல்லும் வரிப்பள்ளங்கள் குண்டைப் பற்றிச் சுழற்றுகின்றன. குண்டின் பக்கம் எவ்வளவு நீளத்துக்குக் குழலைத் தொடுகிறதோ அவ்வளவுக்குத் தடை மிகும். மழுங்கிய மூக்கும் கூரிய மூக்கும் இதில் வேறுபடும். மூன்றாவது கடினம். மென்மையான ஈயம் பள்ளத்துக்கு எளிதில் இணங்கும். செம்பு அத்துணை எளிதில் இணங்காது.

இவ்வுண்மைக்கு இந்திய வரலாற்றில் ஒரு சான்று உண்டு. ஆங்கிலப் படையின் .303 துப்பாக்கிக்கு 215 கிரெயின் குண்டு வழங்கிவந்தது. அதன் உலோக உறை மூக்கை மூடியிருந்தது, அடிப்புறம் திறந்திருந்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையில் 1890களின் பிற்பகுதியில் மூக்கின் உறையைச் சிறிது நீக்கி, ஈயம் வெளித்தெரியுமாறு செய்தனர். எடையில் பெரிய மாறுதல் இல்லை. ஆயினும் இரு முனையும் திறந்துவிட்டமையால், ஈயம் மட்டும் பாய்ந்து உறை குழலினுள் தங்கிவிடும் இடர் உண்டாயிற்று. அடைபட்ட குழலில் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழலே வெடிக்கக்கூடும். அவ்வமைப்பு கைவிடப்பட்டதற்கு இது ஒரு காரணம். உடலுள் விரியும் குண்டுகளைப் போரில் விலக்க 1899இல் ஹேக் மாநாடு தீர்மானித்தது வேறொரு செய்தி.

1910இல் கூரிய மூக்குடைய 174 கிரெயின் குண்டு வந்தது. அதன் முனையுள் ஈயத்துக்குப் பதிலாக இலேசான அலுமினியத்தை வைத்தனர். ஆதலால் அது அதே எடையுள்ள முழு ஈயக் குண்டைவிட நீண்டது. அக்குண்டுக்கென மருந்தளவும் துப்பாக்கியின் குறிபார்க்கும் அளவும் திருத்தப்பட்டன. நீலகிரியின் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த தொழிற்சாலையின் பெயரில் உள்ள ‘கார்டைட்’ என்பது இத்தகைய தோட்டாக்களில் இட்ட புகை குறைந்த மருந்தேயாம்.

ஆகவே அட்டவணையைப் படிப்போர் எடையோடு நிறுத்தலாகாது. குண்டின் வகை, செய்தவர் பெயர், மருந்தின் பெயர், கேப்பின் வகை, தோட்டாவின் மொத்த நீளம் ஆகிய அனைத்தையும் நோக்குதல் வேண்டும். அதில் காணும் உச்ச அளவு, சோதித்த அக்குண்டுக்கே உரியது. வேறு குண்டாயின் அதைச் செய்தவர் தரும் அட்டவணையையே நாடவேண்டும். அதிலும் தொடக்க அளவிலிருந்தே சிறிது சிறிதாக ஏறவேண்டும். உச்ச அளவிலிருந்து தொடங்குவோர் கண்ணையும் கையையும் பணயம் வைக்கின்றனர். மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா வைத்திருத்தலும் செய்தலும் குற்றமாகும் என்பதும் நினைவில் இருத்தற்குரியது.