நடவு வயலும் நாற்பத்தைந்து வயதும்

இப்பகுதியில் வழக்கமாக நெல்லுக்கு மேலுரம் இடுவது, கரும்புக்குத் தோகை உரிப்பது, கறவை மாட்டுக்குத் தீனி என்றுதான் எழுதி வருகிறோம். இவ்வாரம் அந்த நெல்லை நட்டு, களை பறித்து, அந்த மாட்டையும் கறக்கிற வீட்டுப் பெண்களின் உடம்பைப் பற்றிப் பார்ப்போம். ஆண்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் பாதிக்கு மேல் உங்களுக்கு எழுதியதுதான்.

எங்கள் தெருவில் ஒரு சிறு விவசாயி. ஒன்றரை ஏக்கர் நஞ்சை, இரண்டு மாடுகள். அவர் மனைவிக்கு வயது 46. குறுவை நடவின்போது அந்த அம்மாள் கையில் நாற்று முடியோடு வரப்பில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். வெயில் என்றார்கள், மோர் கொடுத்தார்கள். விசாரித்தபோதுதான் தெரிந்தது, நான்கு மாதமாகப் பெரும்பாடு. மாதவிடாய் வந்தால் பத்து நாள், பன்னிரண்டு நாள் நிற்பதில்லை. "நிற்கிற காலம், அப்படித்தான் இருக்கும்" என்று மூத்தவர்கள் சொன்னதைக் கேட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் 7 கிராம். பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். இதே விவசாயி, மாடு ஒரு வேளை தீனி எடுக்காவிட்டால் அன்றே கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் முற்றிலும் நிற்கும் வயது சராசரியாக 46 அளவில் இருக்கிறது. மேல்நாடுகளில் இது 51. ஆனால் அது ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. சினைப்பைகளில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பிருந்தே ஏறியும் இறங்கியும் தடுமாறத் தொடங்குகிறது. முறை தவறும். திடீரென்று மார்பு, கழுத்து, முகத்தில் வெக்கை பரவி வேர்த்துக் கொட்டும். இரவில் தூக்கம் கலையும். மூட்டு வலி, படபடப்பு, மறதி, காரணமில்லாத அழுகை, எரிச்சல் இவையும் வரலாம். எல்லோருக்கும் எல்லாமும் வருவதில்லை. சிலருக்கு ஒன்றுமே தெரியாமல் கடந்துவிடும். கடைசி மாதவிடாய் வந்து முழுதாக 12 மாதம் ஆன பிறகே நின்றுவிட்டதாகக் கொள்ள வேண்டும். அதுவரை கருத்தரிக்க வாய்ப்பு உண்டு. பேரன் பிறந்த வீட்டில் பாட்டியும் கர்ப்பமாவதை ஊரில் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்றையும் விவசாயக் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். பூச்சிமருந்து தெளித்த வயலில் வேலை செய்தவருக்கு வேர்வை, தலைசுற்றல் வந்தால் அதை வயதின் மேல் போட்டுவிடக் கூடாது. எச்சில் ஊறுதல், கண் மங்கல், வாந்தி, வயிற்றுப்போக்கு சேர்ந்து வந்தால் அது விஷம் ஏறியதன் அறிகுறி. மருந்து டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். தைராய்டு கோளாறு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவையும் இதே வயதில் இதே போல் தொல்லை தரும். சோதித்தால்தான் தெரியும்.

இனி உதிரப்போக்கு. இதில்தான் அதிகம் ஏமாந்துபோகிறோம். முறை தள்ளிப்போவதும், போக்கு குறைவதும் இந்த வயதுக்கு இயல்பு. ஆனால் ஏழு நாளைத் தாண்டிப் போவது, மணிக்கொரு முறை துணி மாற்ற வேண்டியிருப்பது, பெரிய கட்டிகளாக விழுவது, 21 நாளுக்குள் திரும்ப வருவது, கணவனோடு சேர்ந்த பின் இரத்தம் காண்பது ஆகியவை இயல்பு அல்ல. ஒரு வருடம் நின்று போன பின் ஒரு சொட்டு இரத்தம் கண்டாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் சிறு காரணமாகவே இருக்கும். சிலருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கும், ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்தக் கூடியது.

அதற்காக, போன உடனே "கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் புற்றுநோய் வரும்" என்று யாரேனும் சொன்னால் சரி என்று தலையாட்டிவிட வேண்டாம். மகாராஷ்டிர மாநிலம் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களுக்கு நடந்தது நமக்கெல்லாம் பாடம். வேலைக்கு ஒரு நாள் தவறினால் மேஸ்திரி கூலியைப் பிடிப்பார், அபராதமும் போடுவார். மாதவிடாய்த் தொல்லையே வேண்டாம் என்று பலர் தனியார் ஆஸ்பத்திரிகளில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டார்கள். 2019இல் அம்மாநில அரசு அமைத்த குழு ஏறத்தாழ 82,000 பெண்களை விசாரித்ததில் 13,000க்கும் அதிகமானோர் அறுவை செய்துகொண்டது வெளிவந்தது. நாற்பது நிரம்பாதவர்களும் அதில் உண்டு. சினைப்பையும் சேர்த்து எடுபட்டால் வெக்கையும் எலும்புத் தேய்வும் முன்கூட்டியே வந்து சேரும். எந்த வேலைக்காக எடுத்தார்களோ அந்த வேலையையே செய்ய முடியாமல் போகும். உண்மையில் தேவைப்படும் நோயாளிகள் உண்டு. ஆனால் முதலில் ஸ்கேன், தேவையானால் திசுப் பரிசோதனை. பிறகு போக்கை நிறுத்தும் மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம் என்று வழிகள் உள்ளன. அரசு ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்ட பின் முடிவு செய்யலாம்.

எங்கள் தெரு அம்மாளுக்கும் கட்டி ஒன்று இருந்தது. மாத்திரையிலேயே போக்கு கட்டுப்பட்டது. இரும்புச் சத்து மாத்திரை மூன்று மாதம் சாப்பிட்டு ஹீமோகுளோபின் 11க்கு வந்தது. மாத்திரை விழுங்கியவுடன் டீ குடிக்கக் கூடாது, சத்து உடம்பில் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொள்ளலாம்.

வெக்கை தணிய வயலிலேயே செய்யக் கூடியது சில உண்டு. நடவு, களை வேலையை விடியற்காலையில் தொடங்கிப் பத்து மணிக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும். பாலியஸ்டர் புடவைக்குப் பதில் நூல் புடவை. ஒதுங்க இடமில்லை என்று பெண்கள் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்கிறார்கள். நீர்க்கடுப்பும் மயக்கமும் அதில்தான் வருகின்றன. மோட்டார் கொட்டகை அருகே கீற்றுத் தட்டியால் ஒரு மறைவு கட்டிக் கொடுப்பது ஆண்களுக்கு அரை நாள் வேலை. மாதவிடாய் நின்றபின் எலும்புக்குத் தினம் 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவு கிடைக்கும். கறந்த பாலை எல்லாம் சொசைட்டிக்கு ஊற்றிவிடாமல் வீட்டுக்கும் ஒரு டம்ளர் நிறுத்திக்கொள்ள வேண்டும். வெக்கை தாங்க முடியாத அளவு போனால் அதற்கும் ஹார்மோன் சிகிச்சை உண்டு. மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு, ஈரல் நோய் இருந்தவர்களுக்கு அது ஆகாது என்பதால் டாக்டர் பார்த்தே தர வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது.

யாரிடம் சொல்வது என்பதுதான் பெண்களின் தயக்கம். கிராம சுகாதார செவிலியர், அதாவது நம் நர்சம்மா, பிரசவத்துக்கு மட்டும் வருபவர் அல்லர். இதையும் அவரிடம் தாராளமாகச் சொல்லலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண் தன்னார்வலரிடமும் கேட்கலாம். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பஸ் ஏறுமுன் விவரம் கேட்க 104க்குப் போன் செய்யலாம். மனம் சோர்ந்து, சாக வேண்டும் போல் தோன்றினால் 14416.

வீட்டில் யாரிடம் சொல்வது? நடவுக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்ல ஆரம்பித்தால் மற்றவர்கள் தாமாகப் பேசுகிறார்கள், அதைக் கண்ணால் பார்த்தோம். கணவன்மார் பெரிதாக ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. "ராத்திரி தூங்கினாயா?" என்று கேட்டால் போதும், மற்றது வரும். மதியத்தில் ஒரு மணி நேரம் படுக்கவிட்டு மாட்டுக்குத் தண்ணீரை நாமே காட்டலாம்.

மாட்டுக்குச் சினை ஊசி போட்ட தேதியைச் சுவரில் தொங்கும் காலண்டரில் குறித்து வைக்கிறோம் அல்லவா? அதே காலண்டரில் மாதவிடாய் வந்த நாள், நின்ற நாள், போக்கு அதிகமான நாள் ஆகியவற்றுக்கு அந்த அம்மாள் ஒரு புள்ளி வைக்கட்டும். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி "கடைசியாக எப்போது வந்தது?" என்பதுதான். அந்தத் தாள்களையே கிழித்து எடுத்துச் செல்லலாம்.