தேநீர் நல்லதா? நேரம் பார்த்துக் குடித்தால் நல்லது

“தேநீரில் எதிர் ஆக்ஸிஜனேற்றிகள் நிறைந்துள்ளன” என்ற வாசகத்தைத் தேயிலைப் பொட்டலங்களிலும் விளம்பரங்களிலும் பார்க்கிறோம். “அது என்ன சார்? அப்படியென்றால் நிறைய டீ குடிக்கலாமா?” என்று ஒரு மாணவர் கேட்டால், நாம் சரியான விடை சொல்ல வேண்டும். ஏனெனில் இந்தக் கேள்வி, வாரந்தோறும் நம் கையால் வழங்கும் இரும்புச்சத்து மாத்திரையோடும் தொடர்புடையது.

எதிர் ஆக்ஸிஜனேற்றி என்பது என்ன?

உடல் செல்களில் வேதிவினைகள் நடக்கும்போது, இணை சேராத எலக்ட்ரானைக் கொண்ட தனி உறுப்புகள் உருவாகின்றன. இவை அருகிலுள்ள மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும். இவை அளவுக்கு மிஞ்சினால் செல்சவ்வு, புரதம், டிஎன்ஏ ஆகியவை பாதிக்கப்படும். தன்னிடமுள்ள எலக்ட்ரானைக் கொடுத்து இந்தச் சங்கிலியை நிறுத்தும் பொருளே எதிர் ஆக்ஸிஜனேற்றி.

தேயிலையில் இந்த வேலையைச் செய்பவை பாலிஃபீனால்கள். பசுந்தேயிலையில் கேட்டச்சின்கள் மிகுதி. நீலகிரியிலும் வால்பாறையிலும் தயாராகும் கறுப்புத் தேயிலைக்காக இலையை நசுக்கும்போது, இலையிலுள்ள நொதி காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கேட்டச்சின்களைத் தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்னும் நிறப்பொருள்களாக மாற்றுகிறது. நறுக்கி வைத்த கத்தரிக்காய் கறுப்பதும் இதே வகை வினைதான். நாம் குடிக்கும் தேநீரின் செந்நிறம் இவற்றால் வருவது.

நன்மை எவ்வளவு?

சோதனைக் குழாயில் இப்பொருள்கள் வலிமையாகச் செயல்படுகின்றன. உடலுக்குள் நிலை வேறு. குடித்ததில் சிறு பங்கே இரத்தத்தில் சேர்கிறது. பெரும்பகுதி பெருங்குடலுக்குச் சென்று நுண்ணுயிரிகளால் சிதைக்கப்படுகிறது. உணவுப் பொருள்களின் எதிர் ஆக்ஸிஜனேற்றத் திறனைப் பட்டியலிட்டு வந்த அமெரிக்க வேளாண்மைத் துறை, விளம்பரங்களில் அது தவறாகப் பயன்படுத்தப்பட்டதால் 2012-இல் அப்பட்டியலை நீக்கிவிட்டது.

அதற்காகத் தேநீரால் பயனே இல்லை என்று பொருளல்ல. பிரிட்டனில் சுமார் 5 இலட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2022-இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் இரண்டு கோப்பைக்கு மேல் தேநீர் குடிப்போரிடையே இறப்பு விகிதம் சற்றுக் குறைவாக இருந்தது. ஆயினும் இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, தேநீர்தான் காரணம் என்று நிறுவவில்லை. இந்த வேறுபாட்டை மாணவர்களுக்கு உணர்த்த இது நல்ல எடுத்துக்காட்டு.

மறுபக்கம்

எலக்ட்ரானைக் கொடுக்கும் அதே பாலிஃபீனால்கள் இரும்பையும் இறுகப் பற்றிக்கொள்ளும். கீரை, பயறு, தானியங்களில் உள்ள இரும்பு, உணவோடு தேநீர் சேரும்போது பாதிக்கும் கீழாகவே உடலில் சேரக்கூடும். இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் சுமார் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது என்கிறது ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21). காலையில் டீயும் பன்னும் மட்டும் உண்டு பள்ளிக்கு வரும் குழந்தைக்கு உணவில் கிடைக்கும் இரும்பே குறைவு. அதிலும் ஒரு பகுதியைத் தேநீர் தடுத்துவிடுகிறது. சோர்வாக இருப்பதையும் பாடத்தில் கவனம் சிதறுவதையும் சோம்பல் என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

வகுப்பறைச் செயல்பாடு

பால் சேர்க்காத, வடிகட்டி ஆறவைத்த தேநீரை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சில துளி எலுமிச்சைச் சாறு விடுங்கள், நிறம் வெளுக்கும். மற்றொன்றில் ஆய்வகத்திலுள்ள ஃபெரஸ் சல்பேட்டைச் (அன்னபேதி) சிறிது கரைத்து ஊற்றுங்கள். தேநீர் மைபோல் கறுக்கத் தொடங்கும். கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்புக் கோடாவதும் இவ்வாறே. “பாலிஃபீனால் பிடித்துக்கொண்ட இரும்பு குடலில் எளிதில் உறிஞ்சப்படுமா?” என்று கேளுங்கள்; விடையை மாணவர்களே சொல்வார்கள். சோதனை செய்ததை யாரும் குடிக்கக் கூடாது என்பதை முன்பே அறிவுறுத்துங்கள்.

நடைமுறையில்

• உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் தேநீரைத் தவிர்க்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024 உணவு வழிகாட்டுதலும் இதையே கூறுகிறது.

• இளஞ்சிவப்பு, நீல நிற இரும்புச்சத்து மாத்திரைகளைத் தேநீரோடு விழுங்க வேண்டாம்; தண்ணீரே போதும்.

• நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றின் வைட்டமின் சி இரும்பு உறிஞ்சப்பட உதவும்.

• 65 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தையும் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வாய்ப்பளிக்கலாம் என 2016-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. சற்று ஆறவிட்டுக் குடிப்பதே நல்லது.

• பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரைகள் தேநீருக்கு ஈடல்ல. அதிக அளவில் அவை கல்லீரலைப் பாதிக்கக்கூடும்.

பெற்றோர் கூட்டத்தில் இவற்றில் முதல் இரண்டையாவது சொல்லுங்கள். செலவில்லாமல், தேநீர் நேரத்தைச் சற்றுத் தள்ளி வைப்பதாலேயே, குழந்தைகள் உண்ணும் கீரையின் பயன் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.