புழு கற்றுக்கொடுத்த பல்
வீட்டுப் பட்டறை – 17

என் பழைய செயின்சாவுக்குப் பொறி தரும் மேக்னட்டைப் பற்றி இவ்வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆசிரியருக்கும் அது நினைவிருக்கிறது என்பதைச் செவ்வாய்க்கிழமை வந்த அவருடைய தொலைபேசி ஐயத்துக்கிடமின்றி உணர்த்திவிட்டது. எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊறி உப்பிப்போன டயாப்ரத்தின் கதையையும், பிரசவச் சிகிச்சைக்கென்று கையால் இழுக்கும் சங்கிலி வாளை உண்டாக்கிய ஸ்காட்லாந்து மருத்துவர்களின் கதையையும் மறந்துவிட்டவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளலாம். நான் நேரே சங்கிலிக்குப் போகிறேன். ஏனெனில் இந்த வாரம் முழுவதும் என் சித்தத்தை ஆட்கொண்டிருந்தது அதுதான்.

தளி ரோட்டு மர டிப்போவிலிருந்து என் வீட்டுத் திண்ணைக்கு வந்துசேர்ந்த ஷ்டீல் 070 என்னும் அந்தப் பழைய செயின்சாவோடு கூடவே ஒரு கித்தான் பையும் வந்தது என்பதையும், அதில் கிடந்த ஸ்பேனர்களைப் பற்றியும் முன்பே சொல்லியிருக்கிறேன். பையின் அடியில், எண்ணெயும் மரத்தூளும் மண்ணும் ஒன்றோடொன்று இறுகிக் கட்டியாகிக் கிடந்த ஒரு பொருளைத் துருப்பிடித்த பழைய சங்கிலி என்று மட்டும் எண்ணி ஒதுக்கி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு பிளாஸ்டிக் பேசினில் டீசல் ஊற்றி அமிழ்த்திவைத்து, மறுநாள் பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து, கண்ணி கண்ணியாக மடக்கி நிமிர்த்தி, ஒரு பல்லைத் துணியால் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தபோதுதான் அது இப்போது கடைகளில் விற்கும் சங்கிலியின் இனத்தைச் சேர்ந்ததன்று என்பது புலனாயிற்று.

இன்றைய சங்கிலியில் பெரும்பாலும் பல்லின் மேற்பக்கம் தட்டையாகவும், பக்கச்சுவரும் மேற்புறமும் சந்திக்கும் மூலை ஏறக்குறைய செங்கோணமாகவும் இருக்கும். என் கையில் இருந்த பல்லுக்கு மூலையே இல்லை. பக்கச்சுவர் மேலே எழும்பி, எந்த இடத்தில் சுவர் முடிந்து கூரை தொடங்கிற்று என்று சொல்லவொண்ணாதபடி உள்நோக்கி வளைந்து கவிந்திருந்தது. முன்னாலிருந்து நோக்கினால் நம் எழுத்தில் இடும் கேள்விக்குறியின் மேற்பாதியே அது. ஒரு பல் இடப்பக்கம் வளைந்தால் அடுத்த பல் வலப்பக்கம் வளைந்தது. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு, பல்லின் நுனியைவிட மயிரிழை தாழ்வாக நின்றது. சிப்பர் சங்கிலி என்று இதற்குப் பெயர். இந்தப் பல் தோன்றிய வரலாறு என்னை மேக்னட்டிலிருந்து வெகுதூரம் இழுத்துச் சென்றுவிட்டது.

மரம் அறுப்பது என்றால் என்ன என்பதை முதலில் சிந்திக்க வேண்டும். மரம் என்பது நார்களின் கட்டு. நாரின் போக்கிலே பிளப்பது எளிது. குறுக்கே வெட்டுவதுதான் கடினம். இரண்டு ஆட்கள் இரு முனைகளிலும் நின்று இழுக்கும் குறுக்கு ரம்பத்தை உற்றுநோக்கியவர்களுக்கு அதன் பற்கள் இரண்டு ஜாதி என்பது தெரியும்: ஒரு ஜாதி நாரை இடமும் வலமும் கீறி அறுப்பது, மற்றது கீறப்பட்ட நாரை வாரி வெளியே தள்ளுவது. இந்த ஏற்பாடு மனிதனின் கை இழுக்கும் வேகத்துக்கென்று தலைமுறை தலைமுறையாகப் பண்பட்டு வந்தது. ஆனைமலையில், மேட்டிலிருந்து தேக்கு மரங்களைச் சரிவில் உருட்டிவிட்டதால் டாப் ஸ்லிப் என்று பெயர்பெற்ற அந்த இடத்தில், பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீழ்ந்த தேக்கெல்லாம் கோடரிக்கும் கைரம்பத்துக்கும் இரையானவையே. அங்கே யானைகள் இழுத்தன, சரிவு உருட்டியது, ஆயினும் அறுத்தது மனிதனின் தோள்தான். (அந்தக் காட்டை வெட்டித் தீர்த்துவிடாமல் மறுபடி தேக்கு நட்டு வளர்த்து, 1933-இல் காலமாகி, அங்கேயே தேக்குகளின் நடுவில் அடக்கமாகியிருக்கும் ஹியூகோ வுட் துரையைப் பற்றித் தனியே ஒரு வாரம் எழுத ஆசை, யந்திரங்களைப் பற்றிய தொடரில் அவருக்கு என்ன வேலை என்று ஆசிரியர் கேட்பார் என்பதால் அடக்கிக்கொள்கிறேன்.)

இனி ஜெர்மனிக்குப் போவோம். 1926-இல் ஆந்திரேயாஸ் ஷ்டீல் மின்சாரத்தால் ஓடும் சங்கிலி ரம்பம் ஒன்றைச் செய்தார். 1927-இல் எமில் லெர்ப் என்பவர் பெட்ரோல் யந்திரம் பூட்டிய ரம்பத்தைத் துரிங்கியாவில் டோல்மார் என்னும் மலையில் சோதித்துப் பார்த்து, அந்த மலையின் பெயரையே தம் கம்பெனிக்கும் சூட்டினார். அவருடைய யந்திரத்தின் எடை 58 கிலோ. இரண்டு பேர் தூக்கிச் சுமக்க வேண்டும். 1929-இல் ஷ்டீலின் பெட்ரோல் ரம்பம் 46 கிலோவாக இறங்கியது. பிறகு யந்திரம் ஆண்டுக்காண்டு இலேசாயிற்று, வலுவும் பெற்றது. எஞ்சினியர்கள் சிலிண்டரைப் பார்த்தார்கள், மேக்னட்டைப் பார்த்தார்கள், கிளட்சைப் பார்த்தார்கள். ஆனால் மரத்தைத் தொடுகிற அந்தப் பல்லை மட்டும் ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம் ஒருவரும் புதிதாகச் சிந்திக்கவில்லை. கைரம்பத்தின் பற்களையே சிறிதாக்கிச் சங்கிலியில் பொருத்திவிட்டார்கள். கீறும் பல், வாரும் பல் என்ற பழைய சம்பிரதாயம் அப்படியே தொடர்ந்தது. விளைவு, யந்திரம் அலறிற்று, பற்கள் சுரண்டின, வெளியே வந்ததோ மாவு. பல் விரைவில் மழுங்கும். மழுங்கியபின் ஒவ்வொரு ஜாதிப் பல்லுக்கும் தனித்தனிக் கோணத்தில் அரம் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்தத் துன்பத்தை அன்றாடம் அநுபவித்தவர்களுள் ஒருவர் ஜோசப் புஃபோர்ட் காக்ஸ். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆரிகன் மாகாணத்தில் மரம் வெட்டிப் பிழைத்தவர். 1946-ஆம் ஆண்டில் ஒருநாள் காட்டில் விறகு பிளந்துகொண்டிருக்கையில், ஓர் அடிக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழு ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஆள்காட்டி விரல் அளவுள்ள அந்தப் புழு, நாரின் போக்கு எது, குறுக்கு எது என்ற பேதமே பாராட்டாமல், நல்ல மரத்தை விரும்பிய திசையில் வெட்டிக்கொண்டு முன்னேறிக்கொண்டிருந்தது. மரம் வெட்டும் மனிதனுக்கு ஆயுள் முழுவதும் கைகூடாத காரியம் அது. காக்ஸ் அதன் வாயைக் கவனித்தார். அதன் தாடைகள் மேலும் கீழும் கடிக்கவில்லை; ஒன்று இடப்புறமும் மற்றொன்று வலப்புறமுமாக, உள்வளைந்த இரண்டு கத்திகளாய்ப் பக்கவாட்டில் இயங்கி நாரை அறுத்து, அறுத்ததை அந்த வளைவினாலேயே தூக்கி எறிந்தன. கீறுவதற்கு ஒன்று, வாருவதற்கு வேறொன்று என்ற பிரிவினையே அங்கு இல்லை. ஒரே தாடை இரண்டு காரியத்தையும் செய்தது.

அவர் வீட்டுக்குப் போய், போர்ட்லாந்து நகரத்திலிருந்த தம் வீட்டின் நிலவறையில் அமர்ந்து, எஃகில் அந்தத் தாடையைச் செய்யத் தொடங்கினார். இடப்பல் ஒன்று, வலப்பல் ஒன்று என மாறிமாறி வரும் வளைந்த பற்கள். பக்க விளிம்பு நாரை அறுக்கும், மேல் விளிம்பு அதைப் பெயர்த்துச் சீவலாக எறியும். 1947-இல் அந்தச் சங்கிலி விற்பனைக்கு வந்தது. அதற்காக அவர் தொடங்கிய சிறு தொழில்தான் பின்னாளில் ஆரிகன் என்ற பெயரோடு உலகமெங்கும் போன சங்கிலிக் கம்பெனி. வடிவம் இடையில் சற்று மாறியிருக்கிறது, வளைந்த முதுகு தட்டையாயிற்று, தத்துவம் மாறவில்லை. இன்று உடுமலைச் சந்தையோரத்துக் கடையில் தொங்குகிற மிக மலிவான சங்கிலியிலும் அந்தப் புழுவின் இடத்தாடையும் வலத்தாடையும் மாறிமாறி வருவதைக் காணலாம்.

என்னைத் திங்கட்கிழமை இரவு தூங்கவொட்டாமல் செய்தது இந்த விஷயத்தில் அடங்கிய இன்னொரு சூட்சுமம். மரம் குடையும் புழு நமக்கென்ன புதியதா? உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும் இடைப்பட்ட தென்னந்தோப்புகளில் சிவப்புக் கூன்வண்டை அறியாத விவசாயி இல்லை. அதன் புழு தண்டுக்குள்ளிருந்து மென்று தின்னும் ஓசையை, மரத்தில் காதை வைத்தே கண்டுகொள்ளும் பெரியவர்களை நான் அறிவேன். கேட்டதும் துளையைத் தேடி மருந்து ஊற்றி, களிமண்ணால் அடைப்பார்கள். மரத்தைக் காக்கவேண்டியவனுக்கு அதுதான் தர்மம். காக்ஸுக்கோ மரத்தை வீழ்த்துவது தொழில். ஆகையால் அவருக்கு அந்தப் புழு பகையன்று, தொழிலில் தம்மைவிடச் சமர்த்தான ஒரு சக பணியாளன். அவர் குனிந்து பார்த்ததற்குக் காரணம் அறிவுத் தாகம் என்று பலர் எழுதுவார்கள். மழுங்கிய பல்லுக்கு அரம் போட்டுப் போட்டு நொந்துபோன மனிதனின் எரிச்சலே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, சங்கிலிக்கு வருவோம். இந்தப் பல்லுக்கு எப்படி அரம் போடுவது என்று கேட்க, தளி ரோட்டு டிப்போவில் முன்னாளில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரை நாடினேன். மேஸ்திரி என்றே ஊர் முழுவதும் அவரை அழைக்கும். சங்கிலியைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலால் ஒவ்வொரு பல்லாகத் தடவிக்கொண்டே போனார்.

"ஏனுங்க மேஸ்திரி, இது தேறுமுங்களா?"

"தேறுமுங்க. மழுங்கித்தானுங்க கெடக்குது, தேஞ்சு போகலீங்க. எல்லாத்துலயும் கட்டையான பல்லு எதுன்னு மொதல்ல பாக்கோணுமுங்க. அதுக்குத் தக்கன மத்ததெல்லாம் எறக்கோணும். ஒண்ணு நெட்டையா நின்னாலும் வெட்டு ஒரு பக்கமா இழுத்துக்குமுங்க."

அவர் சொன்னபடியே, மிகவும் குட்டையான பல்லுக்குச் சுண்ணாம்புக்கட்டியால் அடையாளமிட்டு, அதையே அளவாகக் கொண்டேன். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் மையத்திலிருந்து மையம் அளந்தால் இருபதரை மில்லிமீட்டர். அதில் பாதி, சங்கிலியின் பிட்ச். அதாவது இது 0.404 அங்குலச் சங்கிலி. இதற்கு ஐந்தரை மில்லிமீட்டர் உருண்டை அரம் வேண்டும். பட்டை அரத்தால் இந்தப் பல்லைத் தொடவே கூடாது. புழுவின் வளைவு உள்ளே இருக்கிறது. ஆகவே உருண்டை அரம் அந்த வளைவுக்குள் படிந்து, உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில் செல்ல வேண்டும். திரும்பி வருகையில் அரத்தைத் தூக்கிவிட வேண்டும். மேல் விளிம்பின் கோணம் 35 டிகிரி. சங்கிலியைப் பலகையில் வைஸால் இறுக்கி, தோலுறை அணிந்து, இடப்பற்களை எல்லாம் ஒரு பக்கத்திலிருந்தும், வலப்பற்களை எல்லாம் மறுபக்கத்திலிருந்தும் போட்டேன். விளிம்பில் ஒளி பட்டு ஒரு வெள்ளைக்கோடு தெரிந்தால் அந்தப் பல் இன்னும் மழுங்கல்தான். கூர்மையான விளிம்பு ஒளியைத் திருப்பியனுப்பாது. இதைச் சொல்லிக்கொடுத்தவரும் மேஸ்திரியே. "நகத்து மேல வெச்சா சீவோணுமுங்க, வழுக்கக் கூடாதுங்க" என்று தம் பெருவிரல் நகத்தில் பல்லை வைத்துக் காட்டினார். மெல்லிய நகத்தூள் சுருண்டு எழுந்தது.

அந்தச் சிறு மேட்டைப் பற்றி நான் மேலே சொன்னேன் அல்லவா? ஆழமானி என்று வைத்துக்கொள்வோம். மேஸ்திரி அதைக் 'காவல்' என்கிறார். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. பல் தேயத் தேய அதன் நுனி தாழ்கிறது; காவலோ பழைய உயரத்திலேயே நிற்கிறது; ஆகவே பல் எத்துணைக் கூர்மையாயினும் மரத்தைத் தொடாமல் வழுக்கிப் புகைவதே மிச்சம். பல் சரியாக இருந்தும் யந்திரம் வெட்டவில்லை என்று கார்புரேட்டரைக் குடையும் பலருடைய வியாதிக்கு மூலம் இதுதான். இந்தச் சங்கிலிக்குச் சுமார் முக்கால் மில்லிமீட்டர் தாழ்வு போதும். ஆசையால் அதிகம் இறக்கினால், பல் தாங்கவொண்ணாத அளவு மரத்தைக் கவ்வி, ரம்பம் முன்னோக்கிப் பாய்ந்து கையைப் பிடுங்கும். பட்டை அரத்தை இரண்டு முறை இழுத்து, அளந்து, மறுபடி ஒரு முறை இழுப்பதே நல்லது.

யந்திரத்தில் இன்னும் பொறி வரவில்லையாகையால் இந்தச் சங்கிலியை ஓட்டிப் பார்க்க வழியில்லை. ஆனால் பாரில் அதை மாட்டி, கையாலேயே ஒரு வேப்பங்கட்டையின்மேல் சற்று அழுத்தி இழுத்தேன். மாவு வரவில்லை, மெல்லிய, அகன்ற, இரண்டு ஓரமும் சீராய் வெட்டுண்ட சீவல் ஒன்று வந்தது. அதை ஒரு தாளில் மடித்து மேஜை மேல் வைத்திருக்கிறேன்.

இதனிடையே தாராபுரத்து வாசகர் ஒருவர், புதிய செயின்சா சில ஆயிரங்களுக்கே கிடைக்கையில் பழையதைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்று எழுதியிருக்கிறார். இந்த 106 சிசி யந்திரம் வாடல் நோய் தின்ற தென்னையை வெட்டும்போது அவர் ஒருமுறை அருகில் நின்று பார்க்கட்டும். தென்னந்தண்டின் வெளிச்சுற்று உள்ளிருக்கும் சோற்றைவிட வெகு கடினம். சிறு யந்திரங்கள் அங்கேதான் மூச்சு வாங்கும்.

மேக்னட்டைப் பற்றி எழுத வேண்டுமானால் அதைக் கழற்றியாக வேண்டும். கழற்றுவதற்குப் பிளைவீல் புல்லர் வேண்டும். இதற்குப் பொருந்தும் புல்லர் கடையில் இல்லை. லேத் பட்டறையில் கடைந்துதரச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை தருவதாகப் பட்டறைக்காரர் சொன்னார். எந்த வியாழக்கிழமை என்று நான் கேட்கவில்லை, ஆசிரியர் கேட்டிருப்பார்.