வேர்முடிச்சு நுண்ணுயிர்களும் அவற்றின் மரபுப் பதிவேடும்

பயறு வகைப் பயிர்களின் வேர்களில் முடிச்சுகளை உண்டாக்கி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உரமாக்கித் தரும் ரைசோபியம் நுண்ணுயிர்களை விவசாயிகள் அறிவர். இவற்றுள் சில வகைகள் மிகுந்த பயனளிக்கின்றன. வேறு சில முடிச்சுகளை மட்டும் உண்டாக்கிப் பயிருக்கு யாதொரு நன்மையும் செய்வதில்லை. இவ்வித்தியாசத்தின் காரணம் பெரும்பாலும் அவற்றின் மரபுப்பொருளில் அடங்கியுள்ளது.

மரபுப்பொருளாவது டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை. அதில் நான்கு விதக் கூறுகள் எழுத்துகளைப் போல் வரிசையாக அமைந்துள்ளன. ஒரு குறிப்பிட்ட தொழிலுக்குரிய பகுதி ஜீன் எனப்படும். ஜப்பான் தேசத்துக் கஸூஸா டி.என்.ஏ. ஆராய்ச்சி நிலையத்தார் 2000-ம் ஆண்டில் மீஸோரைசோபியம் லோட்டி என்னும் வேர்முடிச்சு நுண்ணுயிரின் முழு வரிசையையும் வெளியிட்டனர். அதன் பிரதான இழையில் மட்டும் 70 லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் உள்ளன. கொண்டைக்கடலையின் வேரில் முடிச்சிடும் நுண்ணுயிரும் இப்பேரினத்தைச் சேர்ந்ததே.

எழுத்துகளைப் படித்துவிட்டால் மட்டும் பயன் விளையாது. கிராம அடங்கலில் சர்வே நம்பர், விஸ்தீர்ணம், பட்டாதாரர் பெயர், சாகுபடி ஆகியவை குறிக்கப்படுவது போல, ஒவ்வொரு ஜீனும் எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது, யாது தொழில் செய்கிறது என்பனவும் குறிக்கப்படல் வேண்டும். இவ்வாறு குறித்ததனால், மேற்படி நுண்ணுயிரில் முடிச்சிடுதற்கும் நைட்ரஜனைச் சேர்ப்பதற்கும் உரிய ஜீன்கள் சுமார் 6 லட்சத்து 11 ஆயிரம் எழுத்துகள் கொண்ட ஒரே பகுதியில் திரண்டிருப்பது தெரியவந்தது. இத்தகைய பகுதி ஒரு நுண்ணுயிரிலிருந்து மண்ணிலுள்ள வேறொன்றுக்குச் செல்லக்கூடும் என்பது 1995-ல் நியூஸிலாந்தில் வெளியான ஆராய்ச்சியால் விளங்கிற்று.

இப்பதிவுகள் கம்ப்யூட்டர்களில் காக்கப்படுகின்றன. 1982-ல் அமெரிக்காவில் ஏற்பட்ட ஜென்பாங்க் பதிவேடும், ஐரோப்பிய, ஜப்பானியப் பதிவேடுகளும் தினந்தோறும் தம் விவரங்களைப் பரிமாறிக்கொள்கின்றன. எவரும் கட்டணமின்றிப் பார்வையிடலாம்.

ஆயினும் ஓர் அபாயம் உண்டு. பெரும்பாலான ஜீன்களின் தொழில் பரிசோதனையால் அறியப்படுவதன்று. முன்பே பதிவான ஜீனை ஒத்திருப்பின், அதன் தொழிலே புதியதற்கும் எழுதப்படுகிறது. முதற்பதிவு பிழையாயின், அப்பிழை பல பதிவுகளுக்கும் பரவும். வயலைப் பார்வையிடாது சென்ற பசலியின் அடங்கலைப் பார்த்தெழுதுவது போன்றது இது. மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியம் என்னும் நுண்ணுயிரின் 340 ஜீன்களுக்கு மூன்று குழுவினர் எழுதிய குறிப்புகளை ப்ரென்னர் என்பவர் 1999-ல் ஒப்பிட்டு, குறைந்தது நூற்றுக்கு 8 பிழையெனக் கண்டார். ஆகையால் ஒவ்வொரு குறிப்பும் பரிசோதனையால் அறிந்ததா, ஒப்புமையால் ஊகித்ததா என்பதையும் உடன் எழுதுதல் அவசியம்.

எனவே, நுண்ணுயிர் உரத்துக்குரிய வகையைப் பதிவேட்டை மட்டும் நம்பித் தேர்ந்தெடுத்தல் தகாது. தொட்டியிலும் வயலிலும் சோதித்தல் வேண்டும். விவசாயிகளும் பயிர் பூக்கும் சமயத்தில் சில செடிகளை வேருடன் தோண்டியெடுத்து முடிச்சுகளை அறுத்துப் பார்க்கலாம். உட்புறம் இளஞ்சிவப்பாயிருப்பின் நுண்ணுயிர் வேலை செய்கிறதென்றும், வெளுத்தோ பச்சையாகவோ இருப்பின் செய்யவில்லையென்றும் அறியலாம்.